முதலில் உயிர், பிறகு தாள்: அவசர சிகிச்சையும் காப்பீட்டு நேர்மையும்

அவசர சிகிச்சைப் பிரிவில் எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள் இரண்டு. "முன்பணம் கட்டினால்தான் பார்ப்பீர்களா?" என்பது ஒன்று. "காப்பீட்டில் பணம் கிடைக்கும்படி சற்று மாற்றி எழுதித் தருவீர்களா?" என்பது மற்றொன்று. இரண்டுக்கும் எங்கள் விடை 'இல்லை' என்பதே. இவ்விரு விடைகளுக்கும் சட்ட அடிப்படை உண்டு. அவை ஒன்றையொன்று தாங்கியும் நிற்கின்றன.

சிகிச்சை தருவது கடமை

மகிழுந்து மோதிக் காயமுற்ற ஸ்கூட்டர் ஓட்டுநர் ஒருவரை, காவல் துறை தொடர்பான வழக்குகளைக் கையாளும் அனுமதி தங்களுக்கு இல்லை என்று கூறி, ஒரு மருத்துவமனை ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவிலிருந்த வேறொரு மருத்துவமனைக்கு அனுப்பியது. அவர் வழியிலேயே உயிரிழந்தார். இச்செய்தியை முன்வைத்துத் தொடரப்பட்ட பரமானந்த கட்டாரா வழக்கில், உயிரைக் காப்பதே மருத்துவரின் முதற்கடமை, எந்த நடைமுறையும் அதற்குத் தடையாகலாகாது என்று 1989-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட தொழிலாளி ஒருவரை, படுக்கை இல்லை, வசதி இல்லை என்று அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பின. உரிய நேரத்தில் சிகிச்சை தரத் தவறியது, அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையை மீறிய செயல் என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் கூறி, அவருக்கு 25,000 ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது.

சாலை விபத்தில் காயமுற்றவருக்கு நடைமுறைகளுக்காகக் காத்திராமல் பணியிலுள்ள மருத்துவர் உடனே சிகிச்சை தர வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவு. நல்லெண்ணத்துடன் காயமுற்றவருக்கு உதவுவோருக்கு 134ஏ பிரிவு சட்டப் பாதுகாப்புத் தருகிறது. ஆகவே அழைத்து வருவோர் அஞ்ச வேண்டியதில்லை. அமிலவீச்சாலும் பாலியல் வன்முறையாலும் பாதிக்கப்பட்டோருக்கு அரசு, தனியார் மருத்துவமனைகள் அனைத்தும் உடனடியாக, கட்டணமின்றிச் சிகிச்சை தர வேண்டும். மறுப்பது தண்டனைக்குரிய குற்றம்.

கடமையின் எல்லை

மாரடைப்பு, பக்கவாதம், கடும் இரத்தப்போக்கு, மூச்சுத்திணறல், பாம்புக்கடி ஆகியவை அவசர நிலைகள். இவற்றில் உயிராபத்தைத் தணிக்கும் சிகிச்சையை உடனே தொடங்குவதே எங்கள் கடமை. தேவையான வசதி எங்களிடம் இல்லையெனில், முதலுதவி தந்து, செய்த சிகிச்சையைக் கடிதத்தில் எழுதி, தகுந்த மருத்துவமனைக்கு அனுப்புவோம். வெறுங்கையோடு திருப்பி அனுப்புவது வேறு, இது வேறு.

எனினும், கடமை என்பதால் எல்லாச் சிகிச்சையும் இலவசம் என்று கருதலாகாது. செலவுக்குத் துணைநிற்பவை அரசுத் திட்டங்கள். தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம், பட்டியலிடப்பட்ட மருத்துவமனைகளில் சாலை விபத்துக்குப் பிந்தைய முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை, வரையறுத்த தொகைக்குள் ஏற்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை துணைநிற்கிறது.

மாற்றி எழுத இயலாதது ஏன்?

செய்யாத பரிசோதனைக்குப் பணம் கோருவது, தேவையின்றி உள்நோயாளியாகச் சேர்ப்பது, திட்டத்தின்கீழ் வரும் சிகிச்சைக்கு நோயாளியிடமும் பணம் பெறுவது ஆகியவை மருத்துவமனைகள் செய்யக்கூடிய மோசடிகள். உறவினர் அட்டையைக் காட்டிச் சிகிச்சை பெறுவது, வீட்டில் வழுக்கி விழுந்ததைச் சாலை விபத்து என எழுதச் சொல்வது, பழைய நீரிழிவை மறைப்பது ஆகியவை குடும்பத்தினர் தரப்பில் நேர்பவை. பொய்யுரைத்துப் பணம் பெறுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவின்கீழ் ஏமாற்றுக் குற்றமாகலாம். பொய்ச்சான்றில் கையொப்பமிடும் மருத்துவர் மீது மருத்துவ மன்றமும் நடவடிக்கை எடுக்கலாம்.

சட்டத்தை விடப் பெரிய ஆபத்தும் உண்டு. தம்பியின் அட்டையில் அண்ணன் சிகிச்சை பெற்றால், அண்ணனின் இரத்த வகையும் மருந்து ஒவ்வாமையும் தம்பியின் பதிவில் ஏறிவிடும். நாளை தம்பி நினைவிழந்து வரும்போது அந்தப் பதிவே எங்களைத் தவறான வழியில் செலுத்தக்கூடும். அவருக்குரிய ஆண்டுத் தொகையும் அதற்குள் குறைந்திருக்கும்.

பணம் கேளாமல் சிகிச்சையைத் தொடங்குகிறோம். நாங்கள் எழுதியதை நம்பித்தான் திட்டம் பின்னர் பணம் தருகிறது. எழுத்தில் நம்பிக்கை குலைந்தால், ஒவ்வொரு கோரிக்கைக்கும் கூடுதல் சான்று கேட்கப்படும். அந்தத் தாமதத்தின் சுமை உண்மையாகவே விபத்துக்குள்ளான அடுத்த நோயாளியின் மீது விழும். ஆகவேதான், உங்கள் துயரை அறிந்தும், பொய்யை எழுத மறுக்கிறோம்.

நீங்கள் செய்ய வேண்டியவை

• நடந்ததை, நேரத்துடன், உள்ளபடியே கூறுங்கள். பழைய நோய்களையும் உட்கொள்ளும் மருந்துகளையும் மறைக்காதீர்கள்.

• நிரப்பப்படாத படிவத்தில் கையொப்பமிடாதீர்கள். டிஸ்சார்ஜ் அறிக்கையில் பெயர், தேதி, சிகிச்சை விவரங்களைச் சரிபாருங்கள்.

• மருத்துவப் பதிவுகளின் நகலைக் கேளுங்கள். கோரிய 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவ நெறிமுறை விதி.

• பணமில்லை என்பதை முதலிலேயே தயங்காமல் காப்பீட்டு உதவி மையத்தில் கூறுங்கள். பொருந்தும் திட்டத்தை அறிந்து சொல்வது அவர்கள் பணி.

• சிகிச்சை மறுக்கப்பட்டாலோ, திட்டத்தின்கீழ் வரும் சிகிச்சைக்குப் பணம் கேட்கப்பட்டாலோ, 104 எண்ணில் தெரிவியுங்கள்.

அவசர வேளையில் 108-ஐ அழையுங்கள். அடையாள அட்டையைத் தேடி நேரத்தை இழக்க வேண்டாம். அட்டை பிறகு வரலாம். நோயாளி உடனே வர வேண்டும்.