தண்ணிக்கும் ஒரு நன்றி

"நன்றியோட இரு"ன்னு எல்லாரும் சொல்றாங்க. எப்போ, எதுக்குன்னு தெளிவா சொல்றது யூத மரபு.

கண் முழிச்சதும் 'மோதே அனி': உயிரைத் திருப்பிக் கொடுத்ததுக்கு நன்றி. இதுல கடவுளோட பேர் வராது. அதனால கை கழுவுறதுக்கு முன்னாடி, படுக்கையிலயே சொல்லலாம். அப்புறம் ரொட்டிக்கு ஒண்ணு, பழத்துக்கு ஒண்ணு. ஒரு நாளைக்கு 100 சொல்லணும்னு தல்மூதுல ரபி மேயிர் சொல்றார். எங்க ஐடி பாஷையில இது ஈவென்ட் லிஸனர். மூட் எப்படி இருந்தாலும், சம்பவம் நடந்தா நன்றி ஓடும்.

நம்ம நாட்டுலயும் உண்டு. கொங்கண் கரையோரத்து பெனே இஸ்ரேல் யூதர்கள், வீட்டுல நல்லது நடந்தா தீர்க்கதரிசி எலியாவை நினைச்சு 'மலிதா' வைப்பாங்க. அவல், தேங்காய், சர்க்கரை, பழம். அப்படியே நம்ம வீட்டுப் படையல்!

எனக்கு ரொம்பப் பிடிச்சது 'அஷேர் யாட்சார்'. டாய்லெட் போயிட்டு வந்து கை கழுவினதும் சொல்றது. உடம்புல திறந்திருக்க வேண்டிய ஒரு வழி அடைச்சாலே மனுஷன் நிக்க முடியாதுங்கிறது அதோட சாரம். சிரிக்கிறவங்க, கிட்னி கல் வந்தவங்ககிட்ட கேட்டுப் பாருங்க.

தண்ணிக்கு ஒரு கண்டிஷன் இருக்கு. தாகத்துக்குக் குடிச்சாதான் நன்றி சொல்லணும். மாத்திரை முழுங்கக் குடிச்சா வேண்டாம். தருமபுரிக்காரனுக்கு இது சட்டுனு புரியும். எங்க நிலத்தடி நீர்ல ஃபுளோரைடு அதிகம். பல்லுல பழுப்புக் கறை, சிலருக்கு எலும்பு வரைக்கும் பாதிப்பு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதுக்காகத்தான். காவிரித் தண்ணி வந்த வீட்டுல, முதல் டம்ளரை யாரும் சும்மா குடிச்சிருக்க மாட்டாங்க.