தூரிகையிலிருந்து மெட்டுக்கு
புதுத்தடம் – 9

பெருமாள் பெயரை வீட்டுக்கு ஒரு பிள்ளைக்காவது வைக்கிற ஊர் ஸ்ரீரங்கம். அங்கே வளர்ந்த டி.எஸ்.ரங்கராஜனுக்கு முதல் மோகம் படம் வரைவதில். ஆனந்த விகடனில் மாலியின் கோடுகளைப் பார்த்துப் பார்த்து, அவரைப் போலவே ஆகிவிட வேண்டும் என்று துடித்தவர். ‘அவர் மாலி, நீ வாலி’ என்று பள்ளித் தோழர் ஒருவர் சூட்டிய பெயர் கடைசிவரை ஒட்டிக்கொண்டது. சென்னை ஓவியக் கல்லூரியில் சேர்ந்தார். ஓராண்டோடு படிப்பு நின்றது. ஊர் திரும்பினார்.

அந்த ஆசை வீணாகவில்லை. நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு ‘நேதாஜி’ என்ற கையெழுத்துப் பத்திரிகையைத் தொடங்கினார். கையெழுத்துப் பத்திரிகை என்றால் அநேகமாக ஒரே ஒரு பிரதிதான். அட்டைப்படம் தீட்டுவது, கதைக்குப் படம் போடுவது, பக்கம் நிறையும்படி எழுதுவது எல்லாம் கையால்தான். படிப்பவர்கள் கைமாற்றிக் கைமாற்றி ஊரைச் சுற்றி வரும். ‘நேதாஜி’யின் முதல் இதழை வெளியிட்டவர் கல்கி. அந்த விழாவுக்கு வந்திருந்த திருச்சி வானொலி அதிகாரி மூலம் அடுத்த கதவு திறந்தது.

1939இல் தொடங்கிய திருச்சி வானொலி நிலையம் அந்த வட்டாரத்துக் கலைஞர்களுக்குப் பெரிய பயிற்சிக்கூடம். வாலி அங்கே நாடகங்கள் எழுதினார். வானொலி நாடகத்தில் மேடையும் இல்லை, முகபாவமும் இல்லை. யார் உள்ளே வந்தார், எங்கே நிற்கிறார், அழுகிறாரா சிரிக்கிறாரா என்பதைப் பேச்சும் ஓசையும்தான் சொல்ல வேண்டும். கண்ணுக்கு வேலை செய்துகொண்டிருந்தவர் காதுக்கு எழுதப் பழகினார். பின்னாளில் பாட்டெழுத இதைவிட நல்ல பாடம் கிடைத்திருக்காது.

முருகன் மீது எழுதிய ஒரு பாட்டை அஞ்சலட்டையில் டி.எம்.சௌந்தரராஜனுக்கு அனுப்பினார். அவரே மெட்டமைத்துப் பாடிய அந்தப் பாட்டு இன்றும் கோயில்களில் ஒலிக்கிறது. அந்தத் தெம்பில் சென்னைக்கு வந்தார். 1950களின் கடைசியில் சினிமாவில் நுழைந்தும் வாய்ப்புகள் தொடரவில்லை. தி.நகரில் நாகேஷோடு ஒரே அறையில் இருந்து வறுமையைப் பங்குபோட்ட காலம் அது. மனம் வெறுத்து, மதுரைக்கு வேலைக்குப் போகக் கிளம்பியவரைத் தடுத்தது, ‘சுமைதாங்கி’ படத்துக்குக் கண்ணதாசன் எழுதிய பாட்டு. அதை அவருக்குப் பாடிக்காட்டியவர் பி.பி.ஸ்ரீனிவாஸ். போட்டியாளராகப் பேசப்படவிருந்த கவிஞரின் வரிகளே அவரைச் சினிமாவில் நிறுத்தின.

1963இல் ‘கற்பகம்’, எல்லாப் பாட்டும் வாலி. அடுத்த ஆண்டு எம்.ஜி.ஆரின் ‘படகோட்டி’, அதிலும் எல்லாப் பாட்டும் அவரே. அதன்பிறகு அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

பாட்டெழுதும் வேலைக்குள்ளேயே அவர் பலமுறை புதிதாகப் பிறந்தார் என்பதுதான் என்னை வியக்கவைப்பது. இசையமைப்பாளர் ‘தன்னன தானா’ என்று தத்தகாரம் சொல்வார். அந்தக் குறில் நெடிலுக்குள் கதையும் பாத்திரமும் உட்கார வேண்டும். எம்.எஸ்.விஸ்வநாதனிடம் பழகிய சந்தத்தோடு அவர் நின்றுவிடவில்லை. இளையராஜாவுக்கு ‘அபூர்வ சகோதரர்கள்’, ‘தளபதி’. அறுபது வயதைத் தாண்டி, ரஹ்மானின் துள்ளல் தாளத்துக்கு ‘ஜென்டில்மேன்’, ‘காதலன்’. 2013இல், எண்பதைக் கடந்த வயதில், இருபதுகளில் இருந்த அனிருத்துக்கு ‘எதிர்நீச்சல்’. தன் பேரன் வயதுப் பையனின் மெட்டுக்கும் மரியாதை கொடுத்து உட்கார்ந்து எழுதியவர் அவர்.

நடுவில் 1982இல் மாருதிராவோடு சேர்ந்து ‘வடைமாலை’யை இயக்கினார். மறு ஆண்டு பாலசந்தரின் ‘பொய்க்கால் குதிரை’யில் நடிகரானார். ஆனந்த விகடனில் ராமாயணத்தை ‘அவதார புருஷன்’ என்ற புதுக்கவிதைத் தொடராக எழுதினார். 2007இல் பத்மஸ்ரீ வந்தது. 2013 ஜூலை 18இல் மறைந்தார்.

வேலை பறிபோய், துறை மாறி நிற்கிற ஓவியர்களும் எழுத்தாளர்களும் இன்று நிறைய. அவர்களுக்கு ஒன்று சொல்வேன்: கற்ற எதையும் கழித்துக்கட்டாதீர்கள். வாலி ஒவ்வொரு துறைக்கும் முந்தைய துறையின் கைப்பழக்கத்தோடுதான் போனார். போன இடத்தில் மாணவராக உட்கார்ந்தார். இந்த இரண்டும் இருந்தால் எந்த வயதிலும் தொழிலைப் புதிதாகத் தொடங்கலாம்.

அடுத்த வாரம், அதே ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த இன்னொரு ரங்கராஜன்: பொறியாளராக இருந்துகொண்டே எழுத்திலும் சினிமாவிலும் கொடிகட்டிய சுஜாதா.

(தொடரும்)