ஆறாம் மாதத்துக் கிண்ணம்: கஞ்சி மட்டும் போதுமா?

எமது சமூகத்தில் குழந்தையின் நலத்தை அதன் பருமனைக் கொண்டே அளப்பது நெடுநாள் வழக்கம். கன்னம் உப்பியிருந்தால் பிள்ளை நலமாயிருக்கிறது எனப் பெற்றோர் மகிழ்கின்றனர். ஆனால், நிறை குறையாத குழந்தையின் உடலிலும் இரும்புச் சத்துக் குறைந்திருக்கக்கூடும். தோற்றத்திற் புலப்படாத இக்குறைபாடு, வேகமாக வளரும் மூளையைப் பாதிக்கவல்லது. பின்னர் மருந்து கொடுத்துக் குருதியைச் சீராக்கினாலும், மூளை வளர்ச்சியில் ஏற்பட்ட பின்னடைவு முற்றாக நீங்காதிருக்கலாம். ஆகவே, வருமுன் காத்தலே தக்கது.

நிறைமாதத்திற் பிறக்கும் குழந்தை, கருவறையிலேயே இரும்புச் சத்தைச் சேமித்துக்கொண்டு வருகிறது. அச்சேமிப்பு ஏறத்தாழ ஆறு மாதங்களுக்குப் போதுமானது. அதுவரை தாய்ப்பாலே நிறைவான உணவு. அதன்பின் தாய்ப்பாலைத் தொடர்வதோடு வேறு உணவும் வேண்டும். 7 முதல் 12 மாதம் வரையான குழந்தைக்கு நாளொன்றுக்கு 11 மில்லிகிராம் இரும்புச் சத்தினை அவுஸ்திரேலியத் தேசிய சுகாதார மருத்துவ ஆராய்ச்சிச் சபை விதந்துரைக்கிறது. வளர்ந்த ஆணுக்கு விதந்துரைக்கப்படுவதோ 8 மில்லிகிராம் மட்டுமே. தந்தையிலும் பார்க்க, மடியிலிருக்கும் மகவுக்கே அதிகம் தேவை!

நாம் முதலிற் கொடுப்பது என்ன? குழைந்த சோற்றுக் கஞ்சி, பாலில் ஊறிய பிஸ்கற். இவற்றால் வயிறு நிரம்பும். இரும்புச் சத்துக் கிடைப்பது சொற்பமே. பசுப்பாலிலும் அது மிகக் குறைவு. முதற் பிறந்தநாளுக்கு முன் பசுப்பாலைப் பிரதான பானமாகக் கொடுத்தலாகாது. அதன் பின்னரும் நாளொன்றுக்கு 500 மில்லிலீற்றருக்கு மேற்படாதிருத்தல் நன்று. தேநீர், இரும்புச் சத்து உடலிற் சேர்வதைத் தடுக்கும்; அது பிள்ளைக்கு ஒரு மிடறும் வேண்டாம்.

இதற்காக எமது சமையலைக் கைவிட வேண்டியதில்லை. இரும்புச் சத்துள்ள உணவுகள் முதலில் இடம்பெறுமாயின், ஏனையவற்றை எந்த ஒழுங்கிலும் கொடுக்கலாம் என்பதே அச்சபையின் 2012ஆம் ஆண்டு வழிகாட்டல். கஞ்சியுடன் நன்கு அவித்து மசித்த மைசூர்ப் பருப்பையோ பயறையோ சேர்க்கலாம். முள் நீக்கிய மீன், அரைத்த கோழி அல்லது ஆட்டிறைச்சி, முழுமையாக அவிந்த முட்டை ஆகியனவும் உகந்தவை. மரக்கறி உணவினர் பருப்புடன் தக்காளி, பப்பாசி, தோடம்பழம் போன்றவற்றைச் சேர்த்துக் கொடுத்தால், அவற்றிலுள்ள உயிர்ச்சத்து சி இரும்பை உடல் ஏற்கத் துணைபுரியும். இரும்புச் சத்து ஊட்டப்பட்ட குழந்தை மாவும் கடைகளிற் கிடைக்கிறது. உப்பும் சீனியும் சேர்த்தல் வேண்டாம். ஒரு வயது வரை தேன் அறவே கூடாது. அது கொடிய நச்சுநோயை உண்டாக்கக்கூடும்.

முட்டையையும் கச்சானையும் ஒவ்வாமைக்கு அஞ்சிப் பிற்போடுவது பழைய அறிவுரை. நன்கு அவித்த முட்டையையும் மென்மையான கச்சான் களியையும் ஒரு வயதுக்கு முன்னரே கொடுத்தல் வேண்டும் என்பதே இன்றைய அறிவுரை. முழுக் கச்சான் தொண்டையில் அடைக்கும், ஆகாது. கடுங் கரப்பன் உள்ள குழந்தையாயின், முதலில் மருத்துவரைக் கேட்கவும்.

ஊரில் குடும்பநல உத்தியோகத்தர் வீடு தேடி வருவார். இங்கு பெரும்பாலும் நாமே நிலையத்துக்குச் செல்ல வேண்டும். விக்ரோறியாவில் தாய் சேய் நலத் தாதியைப் பிறப்பு முதல் மூன்றரை வயது வரை பத்துத் தடவைகள் இலவசமாகச் சந்திக்கலாம். ஆயினும், நான்காம் மாதச் சந்திப்புக்கு அடுத்தது எட்டாம் மாதத்திலேயே வருகிறது. உணவு தொடங்கும் காலமோ இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. எனவே, மெல்பேர்ண் பெற்றோர் நான்காம் மாதத்திலேயே உணவு பற்றிக் கேட்டறிதல் வேண்டும். சிட்னிப் பெற்றோர் நீலப் புத்தகத்திற் குறிக்கப்பட்டுள்ள ஆறாம் மாதப் பரிசோதனையைத் தவறவிடலாகாது. ஆங்கிலம் தடையெனில், 131 450 என்னும் இலக்கத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைப் பெறலாம்.

குழந்தை வெளிறியோ சோர்ந்தோ காணப்பட்டால் மருத்துவரை நாடுங்கள். இரும்பு மருந்தைத் தாமாகவே வாங்கிக் கொடுத்தல் ஆபத்தானது. அளவு மிஞ்சினால் அது உயிருக்கே ஊறு விளைவிக்கும். மருந்து மருத்துவரின் பொறுப்பு. கிண்ணம் எமது பொறுப்பு.