மரணத்துக்குப் பின் பள்ளிக்கூடம் – 6: பிழைத்த பிள்ளைகள்

1966 அக்டோபர் 21, வெள்ளிக்கிழமை காலை 9.15 மணி. வேல்ஸில் உள்ள அபர்வான் கிராமத்தில், மலைமேல் கொட்டிக் குவித்திருந்த நிலக்கரிக் கழிவு சரிந்து வந்து தொடக்கப்பள்ளியை மூடியது. இறந்த 144 பேரில் 116 பேர் குழந்தைகள். ஊற்றின் மேல் கழிவைக் கொட்டிய நிலக்கரி வாரியத்தின் அலட்சியம் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். பிழைத்த பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்பதுதான் என்னை விடாமல் துரத்துகிறது.

அவர்கள் வெகுகாலம் தெருவில் விளையாடவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகள் அதே தெருவில் இருந்தன. தாங்கள் ஓடியாடுவதைப் பார்த்தால் அந்தத் தாய்மார்களின் வயிறு எப்படிப் பற்றியெரியும் என்று எட்டு, ஒன்பது வயதிலேயே அவர்களுக்குப் புரிந்திருந்தது. பெரியவர்கள் பிள்ளைகளிடம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. புண்ணைக் கிளறக்கூடாது என்ற அன்புதான் காரணம். 33 ஆண்டுகள் கழித்து, பிழைத்தவர்களில் 41 பேரை ஆய்வாளர்கள் சந்தித்தார்கள். அப்போதும் அவர்களில் 29 சதவீதம் பேர் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோயோடு வாழ்ந்துகொண்டிருந்தார்கள்.

1988-இல் அதே அக்டோபர் 21 அன்று, ஏறத்தாழ 400 பிரிட்டிஷ் மாணவர்களைச் சுற்றுலாவுக்கு ஏற்றிச்சென்ற ‘ஜூபிடர்’ கப்பல், கிரேக்கத்தின் பிரேயஸ் துறைமுகத்துக்கு வெளியே வேறொரு கப்பல் மோதி மூழ்கியது. சுற்றுலா சென்றவர்களில் ஒரு மாணவியும் ஓர் ஆசிரியரும் இறந்தார்கள். பிழைத்து வந்த பிள்ளைகளை உளவியலாளர் வில்லியம் யூல் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார். ஒரு பள்ளியின் மாணவிகளுக்கு அடுத்த ஆண்டில் மதிப்பெண் சரிந்தது. உளவியல் உதவியை ஏற்றுக்கொண்ட ஒரு பள்ளியையும், வெளியார் உதவி வேண்டாம் என்ற இன்னொரு பள்ளியையும் அவர் ஒப்பிட்டார். முதல் பள்ளியின் பிள்ளைகளிடம் பயம் குறைவாக இருந்தது. ஆனால், ஒரே ஒருநாள் உட்காரவைத்து எல்லாவற்றையும் பேசவைப்பதால் பயனில்லை என்று பின்னாளைய ஆய்வுகள் காட்டின. மாதக்கணக்கில் கூடவே இருக்கும் பெரியவர்கள்தான் பிள்ளைகளுக்குத் தேவை.

1993-இல் யூலும் ஆன் கோல்டும் எழுதிய சிறு கையேடு பிரிட்டனின் பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டது. துயரம் வரும்முன்பே திட்டம் வேண்டும் என்பதுதான் அதன் சாரம். பெற்றோருக்கு யார் தகவல் சொல்வது, வகுப்பில் யார் பேசுவது, பத்திரிகையாளரை யார் எதிர்கொள்வது என்றெல்லாம் முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும்.

நம் பள்ளிகளில் ஒரு பிள்ளை இறந்தால் என்ன நடக்கிறது? பிரார்த்தனைக் கூட்டத்தில் இரண்டு நிமிட மௌனம், பிறகு விடுமுறை. என்ன நடந்தது என்றே சரியாகத் தெரியாமல் பிள்ளைகள் வீட்டுக்குப் போகிறார்கள். மிச்சத்தை வாட்ஸ்அப் வதந்தி சொல்லிவிடுகிறது. இது எனக்குச் சம்மதமில்லை. நடந்ததை அவரவர் வகுப்பிலேயே, தெரிந்த ஆசிரியர் தெளிவாகச் சொல்ல வேண்டும். இறந்த பிள்ளையின் இடத்தை என்ன செய்யலாம் என்று வகுப்பையே கேட்க வேண்டும். காலையில் அழுத குழந்தை மதியம் சிரித்து விளையாடினால் கண்டிக்கக்கூடாது. குழந்தைகளின் துக்கம் அப்படித்தான் வந்து வந்து போகும்.

ஆசிரியரின் துக்கத்தையோ யாரும் கேட்பதே இல்லை. நேற்றுவரை தான் பெயர் கூப்பிட்ட பிள்ளையின் பெயரைத் தாண்டி வருகைப்பதிவு எடுக்க வேண்டியவர் அவர். முதல் சில நாட்களாவது இன்னொரு ஆசிரியர் அந்த வகுப்பில் அவரோடு இருக்கட்டும். குரல் உடைந்தால் அவர் வெளியே போய்விட்டு வரலாம். அந்த வாரம் பாடத்திட்டம் எவ்வளவு முடிந்தது என்று தலைமையாசிரியர் அவரிடம் கேட்க வேண்டாம்.

(தொடரும்)