வான்கோழியும் வெள்ளாடும்

டிசம்பர் மாதம் வந்துவிட்டால் பெருநகரங்களின் ஹோட்டல்களில் வான்கோழி விருந்து விளம்பரங்கள் தலைகாட்டுகின்றன. அவற்றைக் கண்டு நம்மவரில் சிலர் இருவிதமாக மயங்குகின்றனர். வான்கோழி இல்லாத கிறிஸ்துமஸ் கிறிஸ்துமஸே அன்று என்பது ஒரு சாரார் எண்ணம். அது அந்நியரின் பண்டிகை, அதைக் கொண்டாடுவோரும் பாதி அந்நியரே என்பது மற்றொரு சாரார் பேச்சு. முன்னது வெறும் அறியாமை. பின்னதில் விஷமமும் கலந்திருக்கிறது. இவ்விருவருக்கும் விடை தேடி நாம் இங்கிலீஷ் சீமைக்குப் போகவேண்டியதில்லை. தென்காசிச் சீமையே போதும்.

முதலில் வான்கோழியின் பூர்வோத்தரத்தைப் பார்ப்போம். அது இங்கிலாந்தின் பறவையே அன்று. மெக்ஸிகோவில் பழக்கப்பட்டு, பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்கு வந்தது. ஆங்கிலேயர் அதற்குத் துருக்கியின் பெயரை இட்டனர். துருக்கியரும் பிரெஞ்சுக்காரரும் நமது இந்தியாவின் பெயரை இட்டனர். போர்த்துக்கேசியரோ பெரு தேசத்தின் பெயரை இட்டனர். அதை எவரும் தம்முடையது என்று சொல்லிக்கொள்ளவில்லை! சார்லஸ் டிக்கன்ஸ் 1843-ல் எழுதிய கிறிஸ்துமஸ் கதையில், ஏழைக் குமாஸ்தாவின் வீட்டு மேஜையில் இருப்பது வாத்தினத்தைச் சேர்ந்த கூஸ்தான். மனந்திருந்திய பணக்கார எஜமானன் அனுப்பி வைப்பதே வான்கோழி. ஆகவே வான்கோழி செல்வர் வீட்டுப் பழக்கமாகப் பரவியதேயன்றி, வேதம் இட்ட விதியன்று.

மற்ற தேசங்களின் நிலை என்ன? வடஐரோப்பாவில் பனிக்காலத்தில் தீவனம் கிடைப்பது அரிது. ஆகவே கொழுத்த பன்றியைக் குளிர் முற்றுமுன் அறுத்தனர். அதுவே பண்டிகை உணவாயிற்று. செக் நாட்டில் இலையுதிர் காலத்தில் குளங்களை வடித்துக் கெண்டையினத்து மீனைப் பிடிக்கின்றனர். பண்டிகைக்கு முதல்நாள் இரவு அதுவே விருந்து. எத்தியோப்பியர் நாற்பத்துமூன்று நாள் ஊனும் பாலும் நீக்கி நோன்பிருந்து, ஜனவரி 7-ஆம் தேதி காரமான கோழிக்குழம்போடு பண்டிகை கொண்டாடுகின்றனர். ஆஸ்திரேலியாவில் டிசம்பர் கடுங்கோடை. அங்கே இறாலும் ஆறிய இறைச்சியும். ஜப்பானில் மட்டும் கதை வேறு. அங்கே கிறிஸ்தவர் மிகச் சிலர்; 1974-ல் ஓர் அமெரிக்க வறுகோழிக் கம்பெனி செய்த விளம்பரமே வழக்கமாகிவிட்டது. மண் தராத வழக்கத்தை வியாபாரம் தருகிறது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

இனி நம் ஊருக்கு வருவோம். தென்காசிக்குக் கிழக்கே சுரண்டைக்கும் நல்லூருக்கும் சென்று பாருங்கள். 1820-ல் ரேனியஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்த பிறகு, அந்த நூற்றாண்டிலே திருச்சபைகள் வேரூன்றிய ஊர்கள் இவை. மார்கழிக் குளிரில் ஆராதனை முடித்து வீடு திரும்புகிறவர்களுக்குக் காத்திருப்பது ஆட்டுக்கறி. காரணம் வெளிப்படை. இது மலையின் மழைமறைவில் கிடக்கும் வானம் பார்த்த பூமி. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, புல் தழைத்து, ஆடுகள் கொழுத்திருக்கும் காலம் அது. கறுத்த உடலும் முகத்தில் வெள்ளைக் கோடுமாக நிற்கும் கன்னி ஆடு சங்கரன்கோவில் பக்கத்துக் குடியானவனின் சொத்து. கடையநல்லூர் முஸ்லிம்கள் பக்ரீத் அன்று மூன்று பங்கிட்டு, ஒரு பங்கைத் தமக்கு வைத்து, மற்றவற்றை உறவினருக்கும் ஏழைகளுக்கும் அளிப்பதும் ஆட்டிறைச்சியையே. மதம் இரண்டு, மேய்ச்சல் நிலம் ஒன்று!

ஆரியங்காவுக் கணவாயைத் தாண்டிக் குட்டநாட்டுக்குச் சென்றால், அதே நாளில், அதே வேதத்தைப் படிப்போர் வீட்டில் ஆப்பமும் வாத்துக்கறியும் இருக்கக் காணலாம். அங்கே நீர் நிறைந்த வயல், ஆகவே வாத்து. இங்கே வறண்ட மேய்ச்சல், ஆகவே வெள்ளாடு. சில மணி நேரப் பயணத்துக்குள் இலை மாறிவிடுகிறது. இலையை மாற்றியது மதமா? மழையன்றோ!

குற்றாலத்தையும் நினைத்துப் பாருங்கள். கும்பினியார் காலத்தில் அம்மலையடிவாரத்தில் ஜாதிக்காயும் கிராம்பும் பயிரிட்டனர். அத்தகைய சரக்கு இல்லையேல் இங்கிலீஷ்காரரின் கிறிஸ்துமஸ் பலகாரத்துக்கு மணமில்லை. தம் நாட்டில் விளையாத வாசனைத் திரவியத்தை அவர்கள் அந்நியம் என்று ஒதுக்கவில்லை. நாமோ நமது மண்ணில் மேய்ந்த ஆட்டையும் நமது வயலில் விளைந்த அரிசியையும் உண்ணும் சகோதரனை அந்நியன் என்கிறோம். இது என்ன நியாயம்?

விருந்துக்குரிய பிராணி போகட்டும். மரியாதைக்குரிய பிராணியையும் பார்ப்போம். கிறிஸ்துமஸ் குடிலில் மாடு நிற்கிறது. பிறப்பின் வரலாற்றைச் சொல்லும் சுவிசேஷங்களில் முன்னணை உண்டு, மாடு இல்லை. பிற்காலத்தார் பக்தியால் அதைச் சேர்த்தனர். 1223-ல் அசிசி நகரத்துப் பிரான்சிஸ் முனிவர் கிரேச்சோ என்னும் ஊரில் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்திக் குடில் அமைத்தார். உழவனின் துணையை ஆண்டவனின் அருகே நிறுத்திய கருணை அது. இங்கே மூன்று வாரம் கழித்து, அதே மாட்டுக்குக் கொம்பில் வர்ணம் தீட்டி, மாலை சூட்டிப் பொங்கலிடுகிறோம். மாட்டைக் கொண்டாடுவதில் குடிலுக்கும் தொழுவத்துக்கும் என்ன பகை?

நம் ஊர்களில் பழைய பழக்கம் ஒன்று உண்டு. கிறிஸ்துமஸுக்கு முறுக்கும் அதிரசமும் முந்திரிக்கொத்தும் வைத்த தட்டு அண்டை வீட்டுக்குப் போகும். ஊன் உண்ணாதவரும் மகிழ்ந்து ஏற்பர். பொங்கலன்று அந்தத் தட்டு வெறுமையாய்த் திரும்பாது. சர்க்கரைப் பொங்கலோடு வரும்.

நேயர்களே! வான்கோழி தின்றால்தான் நாகரிகம் என்பவரைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் பிறன் இலையை எட்டிப் பார்த்து அவன் தேசபக்தியை அளக்க முற்படுவோரைப் பார்த்துச் சும்மா இருத்தலாகாது. நமது இலைகள் பல. அவற்றை விளைவித்த மண் ஒன்று. அந்தத் தட்டு தெருவில் போய்வந்து கொண்டிருக்கும்வரை தேச ஒற்றுமைக்குக் குறைவில்லை. அது நின்றுபோகாமல் காப்பதே நம் கடமை.