சாலையோரக் காட்டுக்கோழி

சிங்கப்பூரின் மேற்கே உள்ள பூன் லே வட்டாரம் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம். இன்று அடுக்குமாடிக் குடியிருப்பு. அந்த மேற்குப் பகுதியின் காடுகளிலும் புதர்களிலும் சிவப்புக் காட்டுக்கோழி இன்றும் மேய்கிறது. மலேசியச் செம்பனைத் தோட்டங்களிலும் அதைக் காணலாம். மயிலுக்கு உறவான இப்பறவையே நம் வீட்டுக் கோழியின் மூதாதை.

எப்படி அடையாளம் காண்பது? சேவலின் கால் சாம்பல் நிறம். காதோரத்திலும் வாலின் அடியிலும் வெள்ளை தெரியும். கூவல் சட்டென நின்றுவிடும். ஆளைக் கண்டால் பறந்தோடும்.

வீட்டுக் கோழியோடு கலந்தால் இந்தத் தூய காட்டினம் மறைந்துபோகும். ஆகவே வளர்ப்புக் கோழியைக் காட்டோரம் விடாதீர்கள். தீனியும் போடாதீர்கள், சிங்கப்பூரில் 2020 முதல் அது சட்டப்படி குற்றம். எட்ட நின்று பாருங்கள், பிள்ளைகளுக்கும் காட்டுங்கள்.