விபத்தா, புறக்கணிப்பா?

டீயை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். கொஞ்சம் பொறுமையாகப் பேச வேண்டிய விஷயம் இது.

அமெரிக்காவில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். பத்து மாதக் குழந்தையைத் தாய் பாத் டப்பில் உட்கார வைத்திருக்கிறாள். நாலு விரல் ஆழத் தண்ணீர்தான். அடுத்த அறையில் மூத்த பிள்ளை விழுந்து வீறிட்டு அழுகிறான். ஓடிப்போய் அவனைத் தூக்கிவிட்டுத் திரும்புவதற்குள் சின்னது கவிழ்ந்து கிடக்கிறது.

இந்தச் சாவு அந்த ஊரின் குழந்தை மரண ஆய்வுக் குழுவிடம் போகும். 1978-ல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய ஏற்பாடு அது. பிறகு நாடெங்கும் பரவியது. குழந்தை மருத்துவர், பிரேதப் பரிசோதனை செய்தவர், போலீஸ், சமூகப் பணியாளர், அரசு வழக்கறிஞர் எல்லோரும் ஒரே கோப்பைப் படிக்கிறார்கள். படித்துவிட்டு ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

பிரேதப் பரிசோதனை மருத்துவர் விபத்து என்று எழுதுவார். அவருக்குள்ள வகைகளே ஐந்துதான்: இயற்கை, விபத்து, தற்கொலை, கொலை, தீர்மானிக்க இயலாதது. புறக்கணிப்புக்கு அதில் இடமே கிடையாது. வழக்கறிஞரோ, சட்டம் தண்டிக்கும் அளவுக்கு அலட்சியம் இருந்ததா என்று பார்ப்பார். சமூகப் பணியாளர் அந்த வீட்டைப் பற்றி முன்பு புகார் வந்ததா என்று தேடுவார். குழந்தை மருத்துவர்களில் ஹவர்ட் டுபோவிட்ஸ் போன்றவர்கள் வேறோர் இடத்திலிருந்து தொடங்குகிறார்கள். குழந்தைக்குத் தேவையானது கிடைக்காமல் போனால் அது புறக்கணிப்பு. தவறு யாருடையது என்பது பிறகு பேச வேண்டியது என்பது அவர்கள் வாதம். அப்படிப் பார்த்தால் தாயைக் குற்றவாளி ஆக்காமலே, அந்தக் குழந்தைக்கு வேண்டிய பாதுகாப்பு கிடைக்கவில்லை என்று சொல்ல முடியும். ஆனால் அதே தீர்ப்பை வழக்கறிஞர் காதில் போட்டால் அது குற்றச்சாட்டாகத்தான் கேட்கும்.

புறக்கணிப்பு என்று சொல்பவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். 1983 முதல் 1986 வரை மிசௌரி மாநிலத்தில் இறந்த ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பதிவுகளை ஆய்வாளர்கள் ஒன்றோடொன்று ஒப்பிட்டார்கள். கொடுமையாலும் புறக்கணிப்பாலும் நேர்ந்த பல சாவுகள் அப்படிப் பதிவாகவே இல்லை என்று தெரிந்தது. விபத்து என்று எழுதி மூடிவிட்டால் அதே வீட்டில் மிச்சமிருக்கும் பிள்ளையை யாரும் போய்ப் பார்க்க மாட்டார்கள். அவர்கள் பயம் நியாயமானது.

ஆனால் காரில் மறந்து விடப்பட்ட குழந்தைகளைப் பற்றிப் பேசும்போது இந்த நியாயம் தடுமாறுகிறது. 1998-லிருந்து கணக்கு வைத்திருக்கும் வானிலையாளர் ஜான் நல் தருகிற விவரப்படி, அமெரிக்காவில் ஆண்டுக்குச் சராசரியாக 37 குழந்தைகள் வெப்பமேறிய காருக்குள் இறக்கிறார்கள். பாதிக்கு மேற்பட்டவை பெரியவர் மறந்துபோனதால் நேர்ந்தவை. முன் சீட்டின் ஏர்பேக் குழந்தைகளின் உயிரைப் பறிக்கிறது என்று 1990-களில் தெரிந்தபின், குழந்தைகளைப் பின் சீட்டுக்கு மாற்றச் சொன்னார்கள். சிசுவாக இருந்தால் முகம் பின்பக்கம் பார்த்திருக்கும். ஓட்டுபவர் கண்ணில் படாது, தூங்கினால் சத்தமும் வராது. பழக்கத்தில் ஓடும் நினைவு வழக்கமான பாதையில் அலுவலகத்துக்கு இழுத்துச் செல்ல, 'இன்று குழந்தையைக் காப்பகத்தில் விட வேண்டும்' என்ற நினைவை அது அமுக்கிவிடுகிறது என்று நரம்பியல் அறிஞர் டேவிட் டயமண்ட் விளக்குகிறார். அன்பு குறைந்ததால் வருகிற மறதி அல்ல இது. பேராசிரியர்கள், மருத்துவர்கள், போலீஸ்காரர்கள்கூட இப்படி மறந்திருக்கிறார்கள். ஒரு மாவட்டத்தில் இதற்கு வழக்குப் போடுகிறார்கள். இன்னொன்றில் தகப்பனை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். சாவை வைத்துத் தவற்றை அளக்கக் கூடாது. அந்தத் தாயைப் போல ஒரு நிமிடம் எழுந்து போகாத பெற்றோர் எங்கே இருக்கிறார்கள்? பெரும்பாலான வீடுகளில் ஒன்றும் ஆவதில்லை, அவ்வளவுதான். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2006-ல் மேற்பார்வையின்மை பற்றி எழுதியபோது குழந்தையின் வயது, ஆபத்தின் அளவு, பெரியவர் எவ்வளவு தள்ளி, எவ்வளவு நேரம் இருந்தார் போன்றவற்றைப் பார்க்கச் சொன்னது. நான் இன்னொன்றையும் சேர்ப்பேன்: கைமாற்ற ஆள் இருந்ததா? இரண்டு வேலை பார்க்கும் தனித்தாய்க்கு அந்தக் கைமாற்று கிடைக்காது. அவள் வீட்டைப் பற்றித்தான் கோப்பும் ஏற்கெனவே இருக்கும். அதனால் அவள் பிள்ளை போனால் புறக்கணிப்பு, வசதியான வீட்டுப் பிள்ளை நீச்சல் குளத்தில் போனால் விபத்து என்று ஆகிவிடும் ஆபத்து நிஜமானது. இது என்னை மிகவும் வருத்துகிறது.

இதற்கு ஒரு வழி அந்தக் குழுக்களின் கையிலேயே இருக்கிறது. அவர்கள் பல ஆண்டுகள் பயன்படுத்திய தேசிய படிவத்தில் புறக்கணிப்பு ஒரு கட்டம், போதாத மேற்பார்வை வேறொரு கட்டம், ஆபத்தான சூழல் மூன்றாவது கட்டம். பழி சுமத்தாமலே காரணத்தைக் குறிக்க அது போதும்.

காரில் மறந்து விடப்படும் குழந்தைகளைக் காக்க, 2021-ல் அமெரிக்க நாடாளுமன்றம் புதுக் கார்களில் பின் சீட்டு எச்சரிக்கை வைக்க விதி கொண்டுவரும்படி சட்டம் செய்தது. அதற்காகப் பல ஆண்டுகள் குரல் கொடுத்தவர்களில், காரில் குழந்தையை மறந்து பறிகொடுத்த பெற்றோர்களும் இருந்தார்கள்.